பினாங்கு நீரிணையில் அரிய படகுகளை இனங்காண்பது எப்படி?

அரிய படகு ஒன்று எதிரே வரும்போது அதை அரியது என்று உணர வேண்டுமானால், அந்த நீரில் அன்றாடம் ஓடுபவை எவை என்பது முதலில் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். படகு பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் பலர் இந்த முதற்படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்து கப்பல்களின் பெயர்களைச் சேகரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெயர்கள் சேர்கின்றன, படகுகளைப் பற்றிய அறிவு சேர்வதில்லை. ஆகவே உருவம், நீரில் மிதக்கும் விதம், தளத்தின் மேலுள்ள கருவிகள், கொடி, எண் என்ற வரிசையில் பார்த்துவிட்டுப் பெயரைக் கடைசியாகப் படிக்கும் பழக்கத்தையே இங்கே பரிந்துரைக்கிறேன். தூரத்தில் வரும் உறவினரை முகம் தெரிவதற்கு முன்பே நடையைக் கொண்டு கண்டுகொள்கிறோம் அல்லவா, படகையும் அப்படிக் கண்டுகொள்ளலாம்.

இதற்குப் பினாங்கைப் போல் வசதியான இடம் மலேசியாவில் குறைவு. தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கும் எதிரே பெருநிலக் கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் இடையிலான நீர்ப்பரப்பு சுமார் 3 கிலோமீட்டர் அகலமே உள்ளது. அதற்குள் கண்டெய்னர் கப்பல், சுற்றுலாக் கப்பல், இழுவைப்படகு, மீன்பிடிப் படகு, பெர்ரி, உலகம் சுற்றும் பாய்மரப் படகு ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று உரசாத குறையாகக் கடந்து செல்கின்றன. பெர்ரியின் வெளித்தளத்தில் நிற்க இடம் கிடைத்தால், அதைவிட மலிவான கடற்பயணம் வேறில்லை.

இடமும் வெளிச்சமும்

வெல்ட் கீ கரையில் இருக்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறைகள் கிழக்கு நோக்கியவை. காலையில் அங்கிருந்து பார்த்தால் கதிரவன் கண்ணுக்கு நேரே நிற்பான். கப்பல்கள் கறுப்பு நிழல்களாகவே தெரியும். மாலையில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடுவதால் எதிர்க்கரையில் நிற்கும் கப்பலின் எழுத்துகளைக்கூடப் படிக்கலாம். பட்டர்வொர்த் கரையில் இது தலைகீழாக அமையும். நிழலுருவத்தை மட்டும் பார்த்துப் பழக விரும்புவோர் வேண்டுமென்றே எதிர்வெயிலில் நிற்பதும் நல்ல பயிற்சிதான்.

வடக்கிலிருந்து வரும் பெரிய கப்பல்களைப் பார்க்கப் பாடாங் கோத்தா கடற்கரை ஏற்றது. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை அதற்கு அருகிலேயே உள்ளது. ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்குப் பத்து மாவுங், கரையோரச் சிறு படகுகளுக்குத் தெலுக் பாஹாங், வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளுக்குத் தஞ்சோங் தோக்கோங்கில் உள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் கீ, ஜெராஜாக் தீவையொட்டிய நங்கூரமிடும் இடம் ஆகியவை உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வெகுவாக வற்றும்போது குலத்தார் படகுத்துறைகளுக்குச் சென்றால் சம்பான்கள் எனப்படும் சிறு மரப்படகுகள் சேற்றில் அமர்ந்திருக்கும். மிதக்கும்போது மறைந்திருக்கும் அடிப்பாகத்தின் வளைவை அப்போது முழுமையாகப் பார்த்துவிடலாம்.

தொலைநோக்கி வாங்குவோர் ‘7×50’ என்று குறிக்கப்பட்டதை வாங்குவது போதும். ஏழு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கருவியை ஆடும் தளத்தில் நின்று பிடித்தால், படகைவிடக் கையின் நடுக்கமே பெரிதாகத் தெரியும்.

அன்றாடப் படகுகள்

முதலில் பெர்ரியையே எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டு முதல் ஓடும் நான்கு புதிய பெர்ரிகளும் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தெலுக் பாஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் என்று விரிகுடாக்களின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2020 டிசம்பர் 31 வரை பயணிகளையும் கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெர்ரிகள் தீவுகளின் பெயரைத் தாங்கியவை; அவற்றின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருந்தமையால் கரை சேர்ந்தபின் திரும்ப வேண்டிய தேவையே எழவில்லை. எது அணியம் (முன்முனை), எது அமரம் (பின்முனை) என்று சொல்ல முடியாத அத்தகைய படகை வேறெங்காவது கண்டால், அது குறுகிய நீர்ப்பாதையில் போய்வரவே கட்டப்பட்டது என்று தயங்காமல் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து இழுவைப்படகு. உடல் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். அணியத்தைச் சுற்றிப் பழைய லாரி டயர்களோ தடித்த ரப்பர் மெத்தையோ கட்டப்பட்டிருக்கும். பின்தளம் வெறுமையாகவும் தாழ்வாகவும் கிடக்கும். துறைமுக வழிகாட்டியைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் படகு சிறியது, வேகமானது. வழிகாட்டி கப்பலில் ஏறியபின் அக்கப்பல் பாதி வெள்ளை, பாதி சிவப்பாகச் செங்குத்தாகப் பிரிக்கப்பட்ட கொடியை ஏற்றியிருக்கும்.

மீன்பிடிப் படகுகளில் பின்தளத்தைப் பார்ப்பதே முறை. அமரத்தின் இரு பக்கமும் கதவைப் போன்ற கனத்த பலகை ஒவ்வொன்று தொங்கினால் அது இழுவலைப் படகு. நீருக்குள் வலையின் வாயை விரித்துப் பிடிப்பவை அப்பலகைகளே. தளத்தில் வலை மலையாகக் குவிந்திருந்தால் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குவலைப் படகு என்று கொள்ளலாம். பெரிய மின்விளக்குகள் வரிசையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சோத்தோங் (கணவாய்) பிடிக்கும் படகு. உடலில் எழுதியிருக்கும் பதிவெண்ணின் முதலெழுத்துகள் மாநிலத்தைக் காட்டும். கே.எச்.எஃப். என்று தொடங்கினால் கெடா, பி.கே.எஃப். என்று தொடங்கினால் பேராக். இந்த எழுத்துகள் மனப்பாடமாகிவிட்டால், தெற்கே தொலைவிலிருந்து வந்த சிலாங்கூர்ப் படகு ஒன்று பத்து மாவுங்கில் நிற்பதைப் பார்த்தவுடனேயே, இது இங்கே ஏன் வந்தது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி எழுகிறதென்றால் கண் பழகிவிட்டது என்று பொருள்.

வேலைக் கப்பல்களில் விசித்திரமானவை

அழகான பாய்மரப் படகைத் தேடும் அவசரத்தில் மக்கள் கவனிக்காமல் விடுவது தூர்வாரும் கப்பலை. என் கணிப்பில் இந்த நீரிணையில் காணக்கூடிய மிகச் சுவையான கப்பல் அதுவே. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகள் பினாங்கில் தொடர்ந்து நடைபெறுவதால் அது கண்ணில் படும் வாய்ப்பும் உண்டு. (அப்பணிகளால் பாதிக்கப்படும் தெற்குக் கரை மீனவர்கள் இந்தக் கப்பலை ரசிக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.) உறிஞ்சிச் சேமிக்கும் வகையைச் சேர்ந்த கப்பலின் பக்கவாட்டில் நீண்ட குழாய் ஒன்று மடிந்து கிடக்கும். வேலை தொடங்கியதும் அக்குழாய் கடலடிவரை இறங்கி, மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும். மணல் கப்பலின் வயிற்றில் படிய, கலங்கிய நீர் வெளியே வழிந்துவிடும். நிரம்பிய கப்பல் தளம் நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து வரும். அடியிலுள்ள கதவுகளைத் திறந்து மணலைக் கொட்டியபின் அதே கப்பல் இரண்டு மாடி உயரம் எழுந்து நிற்கும். ஒரே கப்பலைக் காலையிலும் மாலையிலும் பார்த்துவிட்டு இரண்டு வெவ்வேறு கப்பல்கள் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. சில வேளைகளில் அது அணியத்திலுள்ள குழாய்வாயிலிருந்து மணற்கூழைப் பெரிய வில்லாக வானில் பீய்ச்சிக் கரையை நிரப்பும். அந்தக் காட்சிக்காக ஒரு பிற்பகலைச் செலவிடலாம்.

தூர்வாரும் கப்பல் வேலையில் இருக்கும்போது கொடிமரத்தில் கறுப்பு உருவங்களைத் தொங்கவிடும். உருண்டை, சாய்சதுரம், உருண்டை என்று மேலிருந்து கீழாக மூன்று இருந்தால், தன்னால் எளிதாக விலக முடியாது என்பது அதன் அறிவிப்பு. கூடவே ஒரு பக்கம் இரண்டு உருண்டைகளும் மறுபக்கம் இரண்டு சாய்சதுரங்களும் தெரிந்தால், உருண்டைகள் உள்ள பக்கம் தடை இருக்கிறது, சாய்சதுரங்கள் உள்ள பக்கமாகக் கடந்து செல்லலாம் என்று கொள்ள வேண்டும். தனி உருண்டை நங்கூரமிட்டதைக் குறிக்கும். கூர்முனைகள் சந்திக்கும்படி வைத்த இரண்டு கூம்புகள் வலையோ தூண்டிற்கயிறோ நீரில் இருப்பதைக் குறிக்கும். பாய் விரித்துக்கொண்டே இயந்திரத்தையும் ஓட்டும் படகு தலைகீழான ஒற்றைக் கூம்பைக் கட்ட வேண்டும் என்பது விதி; அதைக் கடைப்பிடிப்பவர்கள் அரிது.

பாய்களைப் படித்தல்

நெடுந்தூரம் பயணம் செய்யும் பாய்மரப் படகுகள் பினாங்கில் மிகுதியாகத் தென்படுவது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான். நவம்பரில் நடைபெறும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் படகுப் போட்டி, 1990 முதல் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கிப் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியை அடைகிறது. படகுகள் இங்கே தங்கும் அந்தச் சில நாட்களைத் தவறவிடக் கூடாது.

பாய்மரம் ஒன்றா, இரண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒற்றைப் பாய்மரமும் முன்னால் ஒரு முக்கோணப் பாயும் இருந்தால் ஸ்லூப். முன்னால் இரண்டு முக்கோணப் பாய்கள் இருந்தால் கட்டர். இரண்டு பாய்மரங்களில் பின்னது குட்டையாக இருந்தால் கெட்ச் என்று கொள்வது பெரும்பாலும் சரியாக அமையும். பின்மரம் மிகச் சிறியதாக, சுக்கானுக்கும் பின்னால் ஒட்டவைத்ததுபோல் நின்றால் அது யால். இவ்வகை இப்போது அதிகம் கட்டப்படுவதில்லை என்பதால் கண்டால் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். பின்மரம் முன்மரத்துக்குச் சமமாகவோ உயரமாகவோ இருந்தால் ஸ்கூனர்.

பாயின் குறுக்கே மூங்கில் போன்ற சட்டங்கள் வரிசையாகச் சென்று, பாய் விசிறியைப்போல் மடிந்து இறங்கினால் அது சீனப் பாய். காற்று வலுக்கும்போது கயிற்றைத் தளர்த்தினாலே போதும், ஒரு சட்டத்தின் அளவு பாய் தானாக இறங்கிவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் நீரிணையைத் தாக்கும் ‘சுமத்ரா’ சூறைக்காற்றைச் சந்தித்தவர்கள் இந்த வசதியின் அருமையை அறிவார்கள்.

சீனப் பாய் கட்டிய மரப்படகைக் கண்டால், அது சீனாவிலிருந்து வந்தது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. திரெங்கானு ஆற்று முகத்துவாரத்திலுள்ள டுயோங் தீவில் மலாய்த் தச்சர்கள் கட்டும் பினாஸ், பெடார் என்னும் இருவகைப் படகுகளும் சீனப் பாயையே ஏற்றவை. அமரம் தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் பினாஸ். அணியத்தைப் போலவே அமரமும் கூர்ந்திருந்தால் பெடார். இத்தச்சர்கள் வரைபடம் வைத்துக்கொள்வதில்லை. முதலில் விலா எலும்புகளை நிறுத்திப் பிறகு பலகை அறைவது மேலைநாட்டு வழக்கம். இவர்கள் செங்கால் மரப் பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்து, மர ஆணிகளால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து உடலை எழுப்பிய பிறகே உள்ளே விலாச் சட்டங்களைப் பொருத்துகிறார்கள். இத்தகைய படகை அருகில் சென்று பார்க்க வாய்த்தால் பலகைகள் சந்திக்கும் கோட்டை உற்றுநோக்க வேண்டும். அங்கே தாள்போல் மெல்லிய பழுப்புநிறப் படலம் ஒன்று நசுங்கியிருக்கும். அது கெலாம் மரப்பட்டை. நீர் பட்டால் ஊறிப் பெருத்து இடுக்கை அடைத்துவிடும். வெளிநாட்டவர் பலர் தம் படகுகளை அங்கே கட்டுவித்து மேற்குக் கரைக்குக் கொண்டுவந்திருப்பதால், லங்காவிக்கும் பினாங்குக்கும் இடையில் இவற்றைக் காண வாய்ப்புண்டு.

ஒரு படகு உண்மையிலேயே பெருங்கடலைக் கடந்து வந்ததா, வார இறுதிப் படகா என்பதை அதன் பின்புறம் சொல்லிவிடும். அமரத்தில் காற்றுத் திசையைக் கொண்டு தானே சுக்கானைத் திருப்பும் துடுப்புக் கருவி, காற்றாலை, சூரியத் தகடுகள், கைப்பிடிக் கம்பியோரம் கட்டிய டீசல் கேன்கள், நீர்க்கோட்டில் படிந்த பாசி ஆகியவை சேர்ந்து இருந்தால் ஐயமில்லை. மஞ்சள் கொடி மட்டும் பறந்தால், படகு இப்போதுதான் வெளிநாட்டிலிருந்து வந்து சுகாதார அனுமதிக்காகக் காத்திருக்கிறது.

பெரிய பாய்க்கப்பல்களில், நான்கு பாய்மரங்களைக் கொண்ட ‘ஸ்டார் கிளிப்பர்’ ஃபூக்கெட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பருவங்களில் பினாங்கிலும் நின்றிருக்கிறது. அதன் முதல் மரத்தில் மட்டுமே பருமல்கள் எனப்படும் குறுக்குக் கழிகளில் சதுரப் பாய்கள் உண்டு. மலேசியக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான ‘துனாஸ் சமுத்ரா’ இரண்டே மரங்கள் கொண்டது. அதிலும் முன்மரத்தில்தான் சதுரப் பாய்கள். ஆஸ்திரேலியாவின் ‘யங் எண்டெவர்’ இதன் உடன்பிறப்பு என்பதால், படத்தை மட்டும் வைத்து ஒன்றை மற்றொன்று என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

நிழலுரு ஏமாற்றும்

நிழலுருவை நம்பி ஏமாந்த கதை இத்துறைமுகத்துக்கே உரியது. சென்னையில் குண்டு வீசிச் சென்ற அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகளே உண்டு. நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தியதால் அது பிரிட்டிஷ் போர்க்கப்பலைப்போல் தோன்றியது. நங்கூரமிட்டிருந்த ரஷ்யாவின் ‘ஜெம்சுக்’ அதன் தாக்குதலில் மூழ்கியது. வெளியேறும் வழியில் பிரான்சின் ‘முஸ்கே’ என்ற கப்பலும் அதே கதிக்கு ஆளானது. எனவே ஓர் அடையாளம் பொருந்தியதும் மனம் நிறைவடைந்துவிடாமல், இரண்டாவது, மூன்றாவது அடையாளத்தையும் தேட வேண்டும்.

இன்றைய கப்பல்களில் அமரத்தில் எழுதியிருக்கும் பதிவுத் துறைமுகமும் இப்படியே குழப்பும். ஆடம்பரப் படகு ஒன்றின் பின்புறத்தில் ‘ஜார்ஜ்டவுன்’ என்று கண்டதும் உள்ளூர்ப் படகு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சிவப்பு நிறப் பிரிட்டிஷ் வணிகக் கொடியும் உடன் பறந்தால் அது கரீபியனிலுள்ள கேமன் தீவுகளின் தலைநகரான ஜார்ஜ்டவுன். இங்கே பதிவான கப்பல் ‘பினாங்கு’ என்றே எழுதிக்கொள்ளும். பனாமா, மொன்ரோவியா, மஜூரோ, வலெட்டா என்று காணும் ஊர்களும் உரிமையாளர் எந்நாட்டவர் என்பதைச் சொல்வதில்லை.

பெயரும் கொடியும் மாறினாலும் மாறாதது ஏழிலக்க ஐ.எம்.ஓ. (அனைத்துலகக் கடல்சார் அமைப்பு) எண். இம்முறை 1987-இல் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய கப்பல்களின் பழைய வாழ்க்கையைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் குடும்பங்களுக்கே தெரிந்த சான்று ‘எம்.வி. சிதம்பரம்’. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு நம் பெரியவர்களை ஏற்றிவந்த அக்கப்பல், 1966-இல் பணிக்கு வந்த ‘பஸ்தர்’ என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல்தான். 1985-இல் தீ விபத்துக்குள்ளாகும் வரை அதில் பயணம் செய்தவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள் என்பது ஐயமே. அதற்கு முன் இவ்வழியில் ஓடிய, 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’வோ ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒரே பெயரில் வாழ்ந்தது.

தொலைவிலிருந்து படித்த எண் சரிதானா என்று கணக்கிட்டே அறியலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாம் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 சேர்ந்து 139 ஆகிறது. கடைசி இலக்கம் 9, ஆகவே எண் சரி. இந்தச் சோதனைக்குப் பிறகு கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் மெரின் டிராஃபிக் அல்லது வெசல் ஃபைண்டர் செயலியைத் திறப்பதே முறை. மரப்படகுகளும் சம்பான்களும் பெரும்பாலும் அச்செயலிகளில் தோன்றுவதே இல்லை.

இரவும் திருவிழாவும்

இரவில் விளக்குகளே உருவம். வெள்ளையின் மேல் பச்சை எரிந்தால் இழுவலைப் படகு; வெள்ளையின் மேல் சிவப்பு என்றால் வேறு வகையில் மீன்பிடிப்பது; சிவப்பின் மேல் வெள்ளை என்றால் வழிகாட்டிப் படகு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று வெள்ளை விளக்குகளை முன்னால் காட்டும் படகு பின்னால் எதையோ இழுத்துவருகிறது. மூன்று இருந்தால் இழுபடும் தொடரின் நீளம் 200 மீட்டருக்கு மேல். சிறு படகில் செல்வோர் இழுவைப்படகுக்கும் அதன் பின்வரும் மிதவைக்கும் நடுவே எக்காரணம் கொண்டும் நுழையக் கூடாது. நீருக்குள் தாழ்ந்திருக்கும் வடம் கண்ணுக்குத் தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மிதக்கும் கலங்களும் இந்தப் பட்டியலில் இடம்பெறத் தக்கவையே. தெலுக் பாஹாங் ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தின் மாசி மகத் தெப்பம் அவற்றுள் முதன்மையானது. கரையிலிருந்து பார்ப்போர் விளக்கலங்காரத்தைப் பார்க்கிறார்கள். படகு பார்ப்பவர் அதன் அடியில் எது மிதக்கிறது, எதனோடு எது கட்டப்பட்டிருக்கிறது, எந்தப் படகு இழுக்கிறது என்பவற்றையும் குனிந்து பார்க்க வேண்டும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் ஒன்பது பேரரசர் தெய்வங்களை வழியனுப்பக் கடலில் விடப்படும் கலம் மற்றொன்று. இவ்விரண்டும் வழிபாடுகள் என்பதால், முன்வரிசைக்காக முண்டியடிப்பதும் ஒளிவிளக்கோடு படமெடுப்பதும் தகாது.

குலத்தார் படகுத்துறைகள் மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதையும் மறக்கக் கூடாது. சீன முதியவரை ‘அங்கிள்’ என்றும், தெலுக் பாஹாங்கின் மலாய் மீனவரைப் ‘பாக்சிக்’ என்றும் அழைத்து, படகை எது கொண்டு செய்தார்கள், இயந்திரம் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே உட்காரவைத்து விளக்குவார்கள். கேட்காமல் படகில் கால் வைப்பது மட்டும் கூடாது. கடலுக்கு அழைத்துச் செல்ல இசைந்தால் கட்டணத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலேயே பேசி முடித்து, உயிர்காப்பு அங்கியை அணிந்த பிறகே ஏற வேண்டும். குறிப்பேட்டில் படகின் பக்கவாட்டு நிழலுருவை நாலைந்து கோடுகளில் வரைந்து, நேரம், நீர்மட்டம், சென்ற திசை ஆகியவற்றை எழுதிவிட்டு, வகை உறுதிப்படாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டுவைத்தால், அடுத்த பருவத்தில் அதே படகு வரும்போது அழித்து நிரப்பிக்கொள்ளலாம்.